பதினான்காம் நாடா

கிரோனிங்கன் மருத்துவமனையின் நிலவறையில்
பழைய ஒளிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது என் வேலை.
பிசுபிசுத்துப் போனவற்றை முதலில் அடுப்பில் வாட்ட வேண்டும்,
இளஞ்சூட்டில், எட்டு மணி நேரம், ரொட்டிபோல.

பதினான்காம் எண்ணை வாட்டத் தேவையில்லை.
அதை யாரும் தூங்கவே விட்டதில்லை.
நோய்க்குப் பெயரிடப் பழகிய மருத்துவர்கள்
தலைமுறை தலைமுறையாய்ப் பார்த்துத் தேய்த்த நாடா.
கறுப்புக் கம்பளிச் சட்டை,
இடது முழங்கையில் தையல் பிரிந்திருக்கிறது.
டெல்ஃப்சைலில் கடலணை காத்தவன்.
பெயர் வரும் இடங்களில் ஒலியை அழித்திருக்கிறார்கள்.
ஆனால் ஏழாம் நிமிடம்
மனைவி கத்துவதுபோல் அவனே கத்திக் காட்டுகிறான்:
"ட்யார்ட்! ட்யார்ட்! கதவைச் சாத்து!"
அதை அழிக்க மறந்துவிட்டார்கள்.

வடமேற்குக் காற்றடித்தால் தூங்கமாட்டேன் என்கிறான்.
அலைகளை எண்ணுவேன் என்கிறான்.
எத்தனை வரை?
"முடியும் வரை."
இங்கே மருத்துவர் எதையோ குறித்துக்கொள்கிறார்.
பேனாவின் கீறல் ஒலிவாங்கியில் தெளிவாக விழுந்திருக்கிறது.

உறைக்குள் மதிப்பெண் தாள்கள், கட்டுக் கட்டாய்.
எழுபத்தொன்பதில் பார்த்த பதினெட்டுப் பேரில்
பதினாறு பேர் மனச்சிதைவு என்றார்கள்.
பதினாறில் ஒருவர் வேறெதையோ எழுதி
அடித்துத் திருத்தியிருக்கிறார்,
பக்கத்துத் தாளைப் பார்த்தாரோ என்னவோ.

ஒவ்வொரு கட்டின் மேலும் கப்பா என்று ஓர் எண்.
மேல்மாடிப் புள்ளியியல்காரி யெல்ட்யேயிடம் கேட்டேன்.
"தற்செயலாய் ஒத்துப்போனதைக் கழித்துவிட்டால்
மிஞ்சுகிற ஒற்றுமை," என்றாள், பாலாடைக்கட்டியை மென்றபடி.
"புள்ளி எட்டைத் தாண்டினால் கேக் வாங்குவோம்."
எதில் ஒற்றுமை என்றேன்.
"அது வேறு துறை."

எண்பத்தெட்டில் கையேடு மாறியது.
நாடா மாறவில்லை.
அதே முழங்கை, அதே பிரிந்த தையல்.
இருமுனைக் கோளாறு.
புள்ளி எட்டு ஒன்று.
கேக் வாங்கியிருப்பார்கள்.
அப்புறம் வந்த கூட்டம்,
சிறுவயதுப் புயலிரவு ஒன்றைச் சொல்கிறானே,
இது அதிர்ச்சியின் வடுதான் என்றது.
இரண்டாயிரத்துப் பதினான்கின் இளையவர்களோ
அவன் எண்ணுகிற இடத்தை மட்டும்
திரும்பத் திரும்ப ஓடவிட்டு
ஆட்டிசம் என்று எழுதினார்கள், அழகான கையெழுத்தில்.

ஒவ்வொரு முறையும் ஊர் கூடித்தான் தேர் இழுத்தது.
ஒவ்வொரு முறையும் வேறு தெருவில் நின்றது.
நாற்காலியைவிட்டு அவன் அசையவேயில்லை.
பெயர்தான் பெயர்ந்துகொண்டே இருந்தது.

நான் யாரையும் பழிக்கவில்லை.
என் அண்ணனுக்கு ஒரு பெயர் கிடைத்த அன்று
வீட்டில் எல்லோரும் அழுதோம், நிம்மதியில்.
பெயர் வந்ததால் காப்பீடு வந்தது,
மாத்திரை வந்தது.
இந்தக் குளிருக்கு அவன்
உறைந்த கால்வாயில் சறுக்கப் போனான்,
விழுந்தான், சிரித்தான்.
அந்தப் பெயர் மெய்யா என்று நாங்கள் கேட்கவில்லை.
நடுங்குகிறவன் போர்வையின் அளவா பார்ப்பான்?

பயிற்சிப் பிரதி இருபத்திரண்டு நிமிடம்.
மூல நாடா அதற்கு மேலும் நாற்பது விநாடி ஓடுகிறது.
கேள்விகள் முடிந்துவிட்டன.
மருத்துவர் தாள்களை அடுக்குகிறார்,
திரையின் ஓரத்தில் அவர் கை மட்டும்.
ட்யார்ட் முன்னால் சாய்கிறான்.
"கை நடுங்குகிறதே டாக்டர். எத்தனை நாளாய்?"
அடுக்குவது நிற்கிறது.
"செவ்வாய்க்கிழமையிலிருந்து," என்கிறது ஒரு குரல்,
இதுவரை கேள்வி கேட்ட குரல்தான்,
ஆனால் சன்னமாய்.
நாற்காலி இழுபடும் ஓசை.
பிறகு வெறும் நீலம்.

படிவத்தில் 'உள்ளடக்கம்' என்றொரு கட்டம்.
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
'அணைக்காரன், காற்று' என்று தட்டினேன்.
நாற்பது விநாடியையும் சேர்த்தே சேமித்தேன்.

மாலையில் அண்ணனைக் கூப்பிட்டு,
கை நடுங்குகிறதா என்று கேட்டேன்.
"யாருக்கு?" என்றான்.